முன் சில்லில் திருகை அரைக்கும் சத்தம்: பழைய ஃபோர் வீலில் எங்கே தேடுவது

பழைய டபிள் கப் (நாலு கதவுப் பிக்கப்) ஒன்றின் முன்பக்கத்தில் திருகையில் பயறு உடைப்பது போலச் சத்தம் வந்தால், யாழ்ப்பாணத்தில் முதலில் கிடைக்கும் பதில் "பெயாரிங் போட்டுது அண்ணை" என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எந்தப் பக்கப் பெயாரிங், ஏன் போனது, உண்மையில் பெயாரிங்தானா என்று பார்க்காமல் ஹப்பை, அதாவது சில்லின் நடுக்கூட்டை, கழற்றினால், இரண்டு பக்கமும் புதிது போட்டுக் காசைக் கட்டிவிட்டு அதே சத்தத்தோடு வீட்டுக்கு வர நேரும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் தனியாருக்கு மறுபடி திறந்தது; அந்த இடைவெளியில் எங்கள் ஊரில் முப்பது வயது தாண்டிய வாகனங்களும் பொன்னாகிவிட்டன. அவற்றை அவசரப்பட்டுப் பிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு நட்டைக்கூடத் தொடாமல் பாதிச் சந்தேகங்களைக் கழிக்க முடியும். அதற்கு வேண்டிய கருவி சில்லின் நடுவிலேயே இருக்கிறது: கையால் திருகும் லொக்கிங் ஹப். லொக்கில் அது சில்லை உள்ளே இருக்கும் அச்சுத் தண்டோடு பூட்டும், ஃபிரீயில் விட்டுவிடும். இங்கே நான் சொல்வதெல்லாம் டொயோட்டாவின் எல்.என். 106 ஹைலக்ஸை மனதில் வைத்து. முன்னால் ஒரே துண்டான முழு அச்சு, வில்லுத் தகடு, டீசல் எஞ்சின், தேவைப்படும்போது மட்டும் முன் சில்லை இழுக்கும் ஃபோர் வீல். இதே அமைப்புள்ள மற்ற வாகனங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடங்களைப் போகப்போகச் சொல்கிறேன்.

ஓடிப் பார்ப்பதற்கு முன்

சத்தத்தைத் தேடிப் புறப்படும் முன் இரண்டு முன் சில்லின் நட்டுகளையும் சாவி போட்டுப் பாருங்கள். தளர்ந்த நட்டும் அரைக்கும் சத்தம் தரும். சில்லின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, நட்டைச் சுற்றித் துருப்பொடி கோடுபோல வழிந்திருந்தாலோ அந்தச் சில்லு கொஞ்ச நாளாகவே ஆடியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டியரிங் கையில் உதறுகிறது, பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது என்றால் ஓடிப் பார்க்கவே வேண்டாம். நின்ற இடத்திலேயே ஜக் அடித்துப் பாருங்கள்.

ஜக் விஷயத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். வலிகாமத்துச் செம்மண் முற்றம் காய்ந்திருக்கும்போது கல்லுப் போல இருக்கும். ஒரு மழை பெய்தால் ஜக் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. கீழே அகலமான பனம்பலகை ஒன்றை வையுங்கள், பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அணை கொடுங்கள், அச்சுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். கட்டடத்துக்கு அரியும் சீமெந்துக் கல்லை ஸ்டாண்டாக வைக்கவே வேண்டாம். அது முன்னறிவிப்பு இல்லாமல் பிளக்கும்.

எந்தச் சில்லு என்று காதால் பிடித்தல்

வண்டிக்குள் இருந்து கேட்டால் சத்தம் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. முழு அச்சு சத்தத்தை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்திவிடும். இதற்கு எங்கள் ஊர் ஒழுங்கைகள் பெரிய உதவி. இரண்டு பக்கமும் மதில் உள்ள நேரான ஒழுங்கை ஒன்றில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போங்கள். மதில் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். இடது கண்ணாடியில் ஓர் ஆளை இருத்தினால் இன்னும் நல்லது. திரும்பி வரும்போது நீங்களும் அவரும் இடம் மாறிக் கேளுங்கள், ஒருவருடைய காது மற்றவருடைய காதைத் திருத்தும். ஓலை வேலி உள்ள ஒழுங்கை இதற்குச் சரிவராது. ஓலை சத்தத்தைக் குடித்துவிடும்.

அதற்குப் பிறகு வெளியான றோட்டு வேண்டும். நான் போவது பருத்தித்துறை வீதியில் வல்லை வெளிக்கு. அங்கே 60 கி.மீ. வேகத்துக்கு ஏற்றி, கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, எஞ்சின் வேகம் இறங்கும்போது சத்தமும் இறங்குகிறதா என்று கேளுங்கள். எஞ்சினோடு இறங்கினால் முன் சில்லைத் தேடத் தேவையில்லை. எஞ்சின் அமைதியான பிறகும் றோட்டு வேகத்தோடு சத்தம் தொடர்ந்தால் சுழலும் ஏதோ ஒன்றுதான். காற்று பலமாக வீசும் நாளில் வல்லைக்கும் பண்ணைப் பாலத்துக்கும் போகாதீர்கள், ஒன்றும் கேட்காது. விடியற்காலையே நல்லது.

ஹப்பைத் திருகி மூன்று ஓட்டம்

இதுதான் இந்தக் கட்டுரையின் முள்ளந்தண்டு. மூன்று முறை ஓட வேண்டும், முதல் இரண்டு முறையும் ஒரே வேகம், ஒரே றோட்டு.

முதல் ஓட்டம்: இரண்டு ஹப்பும் ஃபிரீ, கியர் எச்-2 (பின் சில்லு மட்டும் இழுக்கும்). இந்த நிலையில் முன் சில்லுகள் மாட்டு வண்டிச் சில்லுப் போலத் தனியே சுழல்கின்றன. உள்ளே அச்சுத் தண்டு, திரும்பும் சில்லுக்கு இழுவை கொடுக்கும் சி.வி. மூட்டு, அச்சின் நடுவில் இருக்கும் பல்லுச் சக்கரப் பெட்டியான டிஃப், அதற்கு இழுவை கொண்டுவரும் முன் புறொப் தண்டு எல்லாம் நிற்கின்றன. இப்போதும் அரைக்கும் சத்தம் வந்தால் அது பெயாரிங், பிரேக், தூசுத் தகடு, ரயர் இந்த நாலில் ஒன்று. கீழே சொல்லும் லொக்கிங் ஹப் கோளாறு ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் மறந்துவிடலாம்.

இரண்டாம் ஓட்டம்: இரண்டு ஹப்பும் லொக், கியர் எச்-2லேயே. இப்போது முன் சில்லு உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் சுழற்றுகிறது, ஆனால் சுமை இல்லை. தார் றோட்டில் இப்படி ஓடலாம், ஒன்றும் உடையாது. முதல் ஓட்டத்தில் இல்லாத சத்தம் இப்போது வந்தால் சி.வி. மூட்டு, டிஃப், புறொப் தண்டு, ஸ்பிண்டிலுக்கு (ஹப் சுழலும் குழாய்க்கு) உள்ளே அச்சுத் தண்டைத் தாங்கும் புஷ் என்று தேட வேண்டும்.

மூன்றாம் ஓட்டம்: ஹப் லொக், கியர் எச்-4 (நாலு சில்லும் இழுக்கும்). இதைத் தார் றோட்டில் செய்யக்கூடாது. மணல் வேண்டும், மணற்காட்டுப் பக்கம் போனால் வேண்டியளவு இருக்கிறது. சுமை ஏறும்போது மட்டும் வரும் சத்தத்தை இதுதான் காட்டிக்கொடுக்கும்.

நாலாவதாக ஒரு சாத்தியம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஃபிரீயில் சத்தம் வருகிறது, லொக் பண்ணியதும் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் லொக்கிங் ஹப்பின் உள்ளேதான் கோளாறு. ஃபிரீயில் ஹப்பின் வெளிக்கூடு சுழல, உட்பகுதி நிற்கும். இரண்டுக்கும் இடையில் கிறீஸ் காய்ந்தாலோ, உப்புத் தண்ணீர் போய்த் துரு பிடித்தாலோ அங்கே அரைபடும். லொக் பண்ணினால் இரண்டும் சேர்ந்து சுழலும், சத்தம் போய்விடும். மூடியின் ஆறு போல்ட்டைக் கழற்றி, உள்ளே மண்ணெண்ணெயால் கழுவி, மெல்லிய கிறீஸ் பூசினாலே பெரும்பாலும் தீரும். உள்ளே கிறீஸை அள்ளி அடைக்க வேண்டாம். அடைத்தால் பற்கள் முழுதாகக் கொளுவாது.

டிஃபெண்டர், 80 தொடர் லாண்ட் குறூசரின் பல வகைகள் போன்று எப்போதும் நாலு சில்லும் இழுக்கும் வாகனங்களில் இந்த மூன்று ஓட்டமும் நடக்காது. அவற்றில் முன் அச்சின் இரண்டு சில்லையும் தூக்கி, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கியரை நியூட்ரலில் வைத்து, கையால் சுழற்றித்தான் பிரித்தறிய வேண்டும்.

பிரேக்கை மிதித்தால் மாறுகிறது

40 கி.மீ. வேகத்தில் போகும்போது பிரேக்கை ஒரு விரலளவு மட்டும் மிதியுங்கள். சத்தம் கூடினால் பிரேக் பாட் தேய்ந்து முடிந்து இரும்புத் தகடு டிஸ்கில் உரசுகிறது. இப்படி ஆனால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். ஒரு நாள் கூடுதலாக ஓடினால் பாட்டின் விலையோடு டிஸ்கின் விலையும் சேரும். டிஸ்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ ஆகக்குறைந்த தடிப்பு எத்தனை மில்லி மீற்றர் என்று பொறித்திருக்கும். துருவைச் சுரண்டிப் பாருங்கள், கடைந்து எடுத்த பிறகும் அந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது.

மிதித்தால் சத்தம் குறைந்தாலோ நின்றாலோ அது பிரேக்கே என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தளர்ந்த பெயாரிங்கும் அப்படி நடிக்கும், பிரேக் ஹப்பைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்துவதால்.

மழைக்கு அடுத்த நாள் காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கரகரவென்று வந்து அப்புறம் நின்றுவிடும் சத்தம் டிஸ்கின் மேல் படிந்த துரு. அது கோளாறே இல்லை. நிற்காமல் தொடர்ந்தால் பாட்டை டிஸ்கில் அழுத்தும் கலிப்பரைப் பாருங்கள். ஹைலக்ஸின் முன் கலிப்பரில் நாலு பிஸ்டன்கள். கடற்காற்று படும் ஊரில் வாகனம் நாள்கணக்கில் நின்றால் அவற்றில் ஒன்றிரண்டு துருவேறி இறுகிவிடும். 2022இல் எரிபொருள் இல்லாமல் வீட்டு வாசலில் வாரக்கணக்கில் நின்ற வாகனங்களில் இதை நான் நிறையப் பார்த்தேன். அடையாளம் எளிது: ஒரே கலிப்பரில் ஒரு பாட் காசுத்தாள் போலத் தேய்ந்திருக்கும், மற்றது தடிப்பாக இருக்கும். பத்து கி.மீ. பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓடிவிட்டு நிறுத்தி, புறங்கையை இரண்டு முன் சில்லுக்கும் கிட்டக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கத்து டிஸ்க் மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கப் பிஸ்டன் இறுகியிருக்கிறது. அனல் டிஸ்கில் இல்லாமல் நடுவில் ஹப் மூடியில் இருந்தால் பெயாரிங். இந்தச் சின்ன வேறுபாட்டைக் கவனித்தாலே தவறான பொருள் வாங்கும் செலவு மிஞ்சும்.

இனிக் கல்லு. டிஸ்குக்குப் பின்னால் மெல்லிய தூசுத் தகடு ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் சல்லிக்கல் ஒன்று மாட்டினால் எழும் சத்தம் வாகனமே உடையப்போகிறது என்று நினைக்க வைக்கும். பக்கத்து வீட்டு ஐயா ஒருநாள் தன் ஜீப்பை எங்கள் படலைக்கு முன்னால் நிறுத்தி, முகம் வெளிறிப்போய் இறங்கினார். அச்சுவேலியில் இருந்து வரும் வழியெல்லாம் தகரம் கிழிவது போலச் சத்தம் என்றார். ரிவர்ஸில் இருபது மீற்றர் போகச் சொன்னேன். டக்கென்று ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் விழுந்தது, கடலைப் பருப்பு அளவுதான். சத்தம் நின்றுவிட்டது. அவர் அந்தக் கல்லைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ரிவர்ஸில் சத்தத்தின் தன்மை மாறினால் முதலில் கல்லைத் தேடுங்கள். விழவில்லையென்றால் சில்லைக் கழற்றி, தட்டையான திருப்புளியால் தகட்டை மெல்ல நெம்பி எடுக்கலாம். தகடே வளைந்து உரசினால் கையால் நிமிர்த்தினால் போதும்.

பழைய பாட்டின் தூளைக் காற்றடித்து ஊதவேண்டாம். பழைய பாட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

வேகத்தோடு ஏறுகிறது, வளைவில் மாறுகிறது

பெயாரிங்கின் சத்தம் முதலில் அரைப்பதாக வராது. 40க்கு மேல் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு முனகலாகத் தொடங்கி, மாதக்கணக்கில் கனத்து, கடைசியில்தான் திருகையாகும். இந்தச் சத்தத்துக்கு வளைவுதான் சோதனை. வலப்பக்கம் வளையும்போது வாகனத்தின் பாரம் இடது சில்லில் விழும், அப்போது சத்தம் கூடினால் இடது பெயாரிங். இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலது. அகலமான வெறுமையான இடத்தில் பாம்பு போல மெல்ல வளைந்து வளைந்து ஓட்டினால் தெளிவாகக் கேட்கும்.

ரயரும் இதே போல முனகும், அதனால் ஒரு சோதனை. ரயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் வாள்பல் போல உறுத்தினால் அது ரயர் தேய்ந்த சத்தம். முன் ரயரைப் பின்னுக்கு மாற்றி ஓடுங்கள், சத்தமும் பின்னுக்குப் போனால் பெயாரிங்கைத் தொடத் தேவையில்லை.

சில்லைத் தூக்கிய பிறகு மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒரு தம்பியை உள்ளே இருத்திப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சில்லுப் பெயாரிங். நிற்காமல் தொடர்ந்தால், சில்லோடு சேர்ந்து திரும்பும் நக்கிளைத் தாங்கும் மேல், கீழ்ப் பெயாரிங்குகள் தேய்ந்திருக்கின்றன, அது வேறு வேலை. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் ஸ்டியரிங் தண்டின் முனைகளைப் பாருங்கள். அப்புறம் ஒரு கையை வில்லுத் தகட்டில் வைத்துக்கொண்டு மறு கையால் சில்லை வேகமாகச் சுழற்றுங்கள். நல்ல பெயாரிங்கின் தகடு அமைதியாக இருக்கும். கெட்டதில் மணல் உருள்வது உள்ளங்கையில் தெரியும்.

என் வாகனத்துக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு கராஜில் இரண்டு பக்கமும் கிறீஸ் மாற்றக் கொடுத்தேன். மூன்று கிழமை கழித்து, கோப்பாய் தாண்டும்போது வலப்பக்கத்தில் முனகல், இரண்டு நாளில் திருகை. ஹப் மூடியில் கை வைக்க முடியவில்லை. நானே கழற்றினேன். பூட்டு நட்டின் ஆறு முனைகளிலும் உளி அடித்த வெட்டுகள், உள்ளே கிறீஸ் கறுத்துத் தார் போல ஓடியிருந்தது. வெளிப் பெயாரிங்கின் உருளைகள் மயிற்கழுத்து நீலமாக மாறியிருந்தன. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, அவை ஓடும் கப்பின் உட்சுவரில் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள். நீலம் வந்தால் இரும்பு கடுஞ்சூட்டைக் கண்டிருக்கிறது, அது திரும்பிப் பழைய உறுதிக்கு வராது. பெயாரிங்கில் பிழையில்லை. கிறீஸிலும் பிழையில்லை. அளவுக்கு மீறி இறுக்கியதுதான் அதைக் கொன்றது.

அந்த நட்டுக்கு 54 மில்லி மீற்றர் சொக்கெட் வேண்டும். அது இல்லாத இடத்தில் உளியும் சுத்தியலும்தான் ஓடும். உளியால் இறுக்கினால் எவ்வளவு இறுகியது என்று கைக்கே தெரியாது. இந்த வாகனம் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு சொக்கெட்டையாவது சொந்தமாக வாங்கி வைக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கராஜுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.

இறுக்கும் முறை இது. கலிப்பரைக் கழற்றி ஒதுக்கிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். உள் நட்டை 60 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கி, ஹப்பை இரு பக்கமும் சில தடவை சுழற்றுங்கள், உருளைகள் ஒழுங்காக உட்காரும். பிறகு கையால் திருகும் அளவுக்குத் தளர்த்துங்கள். அங்கிருந்து மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டு, சில்லு போல்ட் ஒன்றில் விற்றராசைக் கொளுவி, வட்டத்தின் போக்கில் இழுத்துப் பாருங்கள். ஹப் அசையத் தொடங்கும் கணத்தில் தராசு 3 கிலோவுக்கும் 5.5 கிலோவுக்கும் இடையில் காட்டினால் சரி. மீன் சந்தையில் கையில் தூக்கி நிறுக்கும் அந்தச் சின்ன விற்றராசே போதும், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். பூட்டு வொஷரைப் போட்டு வெளி நட்டை இறுக்கியதும் மறுபடி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெளி நட்டு உள் நட்டைக் கொஞ்சம் தள்ளும், அளவு கூடிவிடும். எல்லாம் சரியென்றால்தான் வொஷரின் காதுகளை ஒன்றை உள்ளும் ஒன்றை வெளியுமாக மடிக்க வேண்டும். பழைய வொஷரை மூன்றாம் தரம் மடித்தால் காது முறியும், புதியது மலிவு.

பெயாரிங் வாங்கும்போது ஸ்டான்லி வீதிக் கடைகளுக்குப் பழையதைக் கழுவிக் கையோடு கொண்டுபோங்கள். வளையத்தில் பொறித்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும். புதியதில் எண் அழுத்திப் பொறித்திருக்கிறதா, மேலே மையால் அடித்ததா என்று பாருங்கள். உருளைப் பகுதியை மட்டும் மாற்றி, ஹப்புக்குள் இருக்கும் பழைய கப்பை விடக்கூடாது. இரண்டும் சேர்ந்து தேய்ந்தவை, குழி விழுந்த கப்பில் புது உருளை சில மாதம்தான் தாங்கும். கப்பை அடித்து இறக்கும்போது நேரடியாகச் சுத்தியல் படாமல் பித்தளைத் துண்டு வைத்துச் சுற்றிவரத் தட்டுங்கள், அடியில் முட்டியதும் சத்தம் கணீரென்று மாறும்.

கிறீஸ் நிரப்புவதை அவசரப்படுத்தாதீர்கள். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிறீஸை வைத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தால் அதை வெட்டி வெட்டி இழுக்க வேண்டும், மறுபக்கத்தில் உருளைகளுக்கு இடையால் புழுப் போலப் பிதுங்கி வரும் வரைக்கும். மேலால் பூசினால் உள்ளே போகாது. இதற்கு லித்தியம் கிறீஸ், இரண்டாம் இலக்கம். பின்பக்க ஒயில் சீலைப் புதிதாகப் போடுங்கள்.

ஹப்பை லொக் பண்ணினால் மட்டும் வருகிறது

முன் சில்லுக்குப் பின்னால் போய்க் குனிந்து, முன் அச்சின் இரண்டு முனையிலும் இருக்கும் பெரிய உருண்டைகளைப் பாருங்கள். அவற்றுக்குள்தான் சி.வி. மூட்டு இருக்கிறது. உருண்டையின் மேல் மெல்லிய கிறீஸ் படலம் இருக்க வேண்டும். கறுத்த குழம்பு வழிந்து ரயரின் உட்பக்கத்தில் தெறித்திருந்தால், அச்சின் உட்சீல் தேய்ந்து டிஃப் ஒயில் வந்து கிறீஸைக் கரைத்துவிட்டது. அந்த மூட்டு இப்போது கிறீஸ் இல்லாமல் ஓடுகிறது. வெறுமையான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, ஹப் லொக்கில் மெல்ல வட்டமிட்டால் டக் டக் டக் என்று வரும். இதற்குள் போடுவது மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிறீஸ், சில்லுப் பெயாரிங் கிறீஸை இதற்குப் போட வேண்டாம்.

சத்தம் வளைவில் மாறாமல் நேரே போகும்போது ஊளையாக வந்து, அக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதியும் விடும்போது வேறொரு சுருதியுமாக இருந்தால் டிஃப். முதலில் ஒயில் நிரப்பும் நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள், கழிக்கும் நட்டைப் பிறகு தொடலாம். நிரப்பும் நட்டு கழலாமல் ஒயிலை வெளியே விட்டுவிட்டால் வாகனம் அங்கேயே கிடக்கும். விரலில் வருவது பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் நின்ற றோட்டுகளைக் கடந்த வாகனங்களில் இது சாதாரணம். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மேலே இருக்கும் மூச்சுக் குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், சுருங்கும் காற்று சீல்களின் ஓரத்தால் தண்ணீரை உறிஞ்சும். ஒயிலை மாற்றுவதோடு நில்லாமல் மூச்சுக் குழாயின் மூடியைக் கழற்றி ஊதிப் பாருங்கள். குழாயை நீட்டி எஞ்சின் மூடிக்குக் கீழே உயரமாகக் கட்டினால் அடுத்த மாரிக்கும் நிம்மதி.

கழிக்கும் நட்டின் காந்த முனையில் ஒட்டியிருக்கும் மெல்லிய சாம்பல் பசை வழமையானது. நகத்தால் எடுக்கக்கூடிய துண்டுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. அதன் பிறகு ஹப்பை லொக் பண்ணாமல், எச்-2இல் மட்டும் ஓடிக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். கையால் திருகும் ஹப்பின் அருமை அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

ஃபோர் வீலில் மட்டும் வருகிறது

தார் றோட்டில் எச்-4இல் போட்டுத் திரும்பும்போது ஸ்டியரிங் கனத்து, முன் சில்லு துள்ளி, முறுக்கும் சத்தம் வந்தால் அது கோளாறு இல்லை. வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், நடுவில் டிஃப் இல்லாத வாகனத்தில் அந்த வித்தியாசம் போக இடமில்லை. எச்-2க்கு எடுத்து, நேராகக் கொஞ்சம் ரிவர்ஸில் போங்கள், முறுக்கு அவிழும்.

மணலில் சுமை ஏறும்போது கரகரவென்று பல்லு வழுக்கும் சத்தம் வந்தால் ஹப் பாதி கொளுவியிருக்கிறது. இரண்டு பக்கத் திருகியும் லொக் எழுத்துக்கு நேரே முழுதாகப் போயிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் லொக், மறு பக்கம் ஃபிரீ என்று விட்டுவிட்டு மணலில் புதைந்து நிற்பவர்களை வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பக்கம் கண்டிருக்கிறேன்.

1991க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜிரோவில், சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் அமைப்பு உள்ளவற்றில், திருகும் ஹப் இல்லை. முன் அச்சை இணைப்பது வெற்றிடக் குழாய்கள். அந்த றப்பர் குழாய்கள் எங்கள் வெயிலில் வெடிக்கும். ஃபோர் வீலுக்கு மாற்றும்போது அரைபட்டு, டாஷ் போர்டில் சில்லு விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பல்லுச் சக்கரத்தைப் பிரிக்கும் முன் அந்தக் குழாய்களைக் கையால் வளைத்துப் பாருங்கள். சில நூறு ரூபா வேலையாக முடிந்துவிடலாம்.

முழுக்கத் திருப்பினால் மட்டும் உரசுகிறது

இது பெரும்பாலும் அகலமான ரயர் போட்ட வாகனங்களில் வரும். ரயரின் உட்பக்கச் சுவரிலும் வில்லுத் தகட்டிலும் பளபளவென்று தேய்ந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நக்கிளின் பின்னால் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பலாம் என்று நிறுத்தும் போல்ட் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பூட்டினால் உரசல் நிற்கும், ஆனால் ஒழுங்கையில் திரும்ப இன்னும் ஒரு முறை முன்னும் பின்னும் எடுக்க வேண்டி வரும்.

பூட்டிய பிறகு

ஹப்பைப் பிரித்துப் பூட்டிய வேலை என்றால் முதல் பத்து கி.மீ. ஓடி நிறுத்தி இரண்டு ஹப் மூடியையும் புறங்கையால் ஒப்பிடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடச் சூடானால் அன்றைக்கே திறந்து விற்றராசைக் கொளுவுங்கள். 100 கி.மீ. தாண்டியதும் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்து, சில்லைத் தூக்கி மேலும் கீழும் ஒருமுறை ஆட்டுங்கள். புதுக் கப் முழுதாக உட்கார்ந்ததும் சிறு ஆட்டம் வருவது உண்டு, உள் நட்டை ஒரு துளி இறுக்கிப் புது வொஷர் போட்டால் சரியாகிவிடும். இனி அடுத்த மழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில், ஹப்பைத் திறந்து கிறீஸின் நிறத்தைப் பார்த்தால் போதும்.